திண்டுக்கல்லில் ஏது ஆஃப் சீசன்?

மகனே,

கவிதாவும் பாப்பாவும் இங்கே நம் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கப்புறம். பாப்பாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. முகம் தெளிந்திருக்கிறது. இந்தக் குளிருக்கு உன்னுடைய பழைய கம்பளிக் குல்லாவை உன் அம்மா டிரங்குப் பெட்டியைக் குடைந்து எடுத்து மாட்டிவிட்டாள். அது கண்ணை மறைக்கிறது, ஆனாலும் கழற்ற மாட்டேன் என்கிறாள், அதோடுதான் வீடு முழுக்கச் சுற்றுகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ ஒன்பது சொல்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ, ஆகையால் நாளைக்கு வில்பட்டியிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிற காய்கறி வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். ஷிப்ட் இல்லாத நாளாக இருந்தால் நிதானமாகப் படி. உனக்குத்தான் இப்போது அப்படிப்பட்ட நாட்கள் நிறைய இருக்கின்றனவே.

நேற்று நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏலே, நீயே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போடா" என்றேன். நீ என்ன சொன்னாய்? "போக வர பஸ் காசு, அதுபோக அன்னைக்கு ஷிப்ட்டு போட்டாய்ங்கன்னா அதுவும் போயிரும். எதுக்குப்பா வீணா? நீங்களே பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க, நான் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்" என்றாய். எனக்குக் காது மந்தம் என்று உனக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். உன் அம்மா கேட்டாள், கவிதாவும் கேட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் எழுந்து வெளியே போய், மூட்டத்தில் ஒன்றும் தெரியாத ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் அவள் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் அய்யம்பாளையத்திலிருந்து வந்து கூட்டிப்போகிறானாம். இங்கிருந்து உன் வீட்டுக்கு வருவது ஒரு வழி. பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து உன் வீட்டுக்கு வருவது வேறு வழி, அது ரொம்ப நீளம். அவள் போவதைத் தடுக்க எனக்கு வாயும் இல்லை, நியாயமும் இல்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். மில்லில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள், வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று நீ போன் செய்த அன்றுதான். "அம்மாட்ட குடுங்க" என்றாய். "நம்ம வீட்டுல ஆஃப் சீசன்ல எப்பிடிம்மா சமாளிச்ச?" என்று அவளைக் கேட்டாய். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் யார் வந்து அவள் குடித்தனத்தைப் பற்றிப் பாடம் கேட்டார்கள்? அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு அவ்வளவு நேரம் பேசினாள். ஒரே அடுப்புத் தீயில் சோறு வடித்து, ரசம் வைத்து, அதே தணலில் குளிக்கிற வெந்நீர் அண்டாவை ஏற்றி, மிச்சக் கங்கின் மேல் கயிறு கட்டி உன் பள்ளிக்கூடச் சட்டையைக் காய வைத்ததைச் சொன்னாள். ராத்திரி எல்லாரும் அடுப்படியிலேயே உட்கார்ந்தால் ஒரு பல்பு போதும், கம்பளிச் செலவும் இல்லை என்று சொன்னாள். நான் வாட்ச்மேனாகப் போன காட்டேஜில் விருந்தாளிகள் விட்டுப்போன சோப்புத் துண்டுகளை நனைத்து அழுத்தி ஒரு கட்டியாக்குவதைச் சொன்னாள். அவள் வீட்டார் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அல்லவா, தேத்தண்ணியில் சீனியைக் கரைக்காமல் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டே குடித்தால் கால்வாசிச் சீனிதான் செலவாகும் என்ற அந்தத் தோட்டத்து ரகசியத்தையும் சொன்னாள். அதோடு, ஒரு நாள் வைத்த குழம்பை ரெண்டு நாள் வைத்துச் சாப்பிடுவதையும் சொன்னாள். வினை அதில்தான் இருந்தது.

ஏனப்பா, உனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? இங்கே ஆடி மாதம் வைத்த குழம்பு மறுநாள் ராத்திரி வரைக்கும் வைத்தது வைத்தபடி இருக்கும். இந்த மலையே ஒரு ஃப்ரிட்ஜுதான், அதற்குக் கரண்ட் பில் கிடையாது. நீ இருப்பது திண்டுக்கல்லில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. அங்கே காலையில் வைத்த சாம்பார் மத்தியானமே மூச்சு வாங்கும். நீ என்னடா என்றால் கரண்டு மிச்சம் என்று ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, கேஸ் மிச்சம் என்று ஒரு வேளைதான் அடுப்பு என்று சட்டம் போட்டிருக்கிறாய். கவிதா சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு மாதிரி வாடை வருதுங்க, வேற வச்சிரட்டா?" என்று கேட்டிருக்கிறாள். "சூடு பண்ணுனா சரியாயிரும். எங்கம்மா இப்பிடித்தான் என்னைய வளத்துச்சு" என்றிருக்கிறாய். விடிவதற்குள் பாப்பாவுக்கு வாந்தி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போயிற்று என்று நான் குத்திக்காட்டப் போவதில்லை. அது உனக்கே தெரியும், தெரிந்ததால்தான் அதற்கப்புறம் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறாய். கவிதா பையைத் தூக்கிக்கொண்டு மலையேறியது குழம்புக்காக இல்லை, அதற்கப்புறம் நீ இறுக்கியதற்காக.

எங்கம்மா இப்பிடித்தான் வளத்துச்சு என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் சொல்கிறேன், உன் அம்மா அப்படி வளர்க்கவில்லை. நீ பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறாய். ஏரிக்கரையில் நான் சவாரிக்குக் குதிரை வைத்திருந்த காலத்தில் நம் வீட்டில் ஆஃப் சீசன் எப்படி வரும் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பார். டூரிஸ்ட் பஸ் நின்று, ஏரியைச் சுற்றி நாய்களும் நாங்களும் மட்டும் நடமாடத் தொடங்கியதும், ஒருநாள் சாயங்காலம் உன் அம்மா நம்மைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைப்பாள். "இன்னையிலேருந்து ஆஃப் சீசன். ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க, அதுல நான் கைய வைக்க மாட்டேன்" என்பாள். அதென்ன மறந்துபோச்சா உனக்கு? ஆளுக்கு ஒன்று. அதைத் தவிர எல்லாவற்றிலும் குறைப்பாள், ஆனால் அந்த ஒன்றில் மலையே சரிந்தாலும் குறைக்க மாட்டாள். நீ ஒரு வருஷம் கடலை மிட்டாய் கேட்டாய். இன்னொரு வருஷம், படித்தவன் மாதிரி, தினமும் ராத்திரி முட்டை என்றாய். நான் பீடி என்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுல பாதி" என்றாள். அவளுடையது எது தெரியுமா? பவுடர். கைவிரல் விறைக்கிற குளிரில், விறகு சுமக்கப் போகிறவள், முகத்துக்குப் பவுடர் போடாமல் வாசலைத் தாண்டியதில்லை. நான் கேலி செய்தால், "இது என்னோட ஒண்ணு, உங்க சோலியப் பாருங்க" என்பாள். சிக்கனத்தில் அவள் யாரையும் ஒன்றுமில்லாதவராக ஆக்கியதில்லை.

நான்தான் ஒரு தடவை அந்தக் கட்டை மீறினேன். மழையில் மலைக்கு ஏறி வருகிற காட்ரோடு உடைந்து, சீசன் என்ற பேச்சே இல்லாமல் போன வருஷம் அது. நம் ராஜாவுக்குத் தினமும் வைக்கிற கொள்ளில் ஒரு பிடியைக் குறைத்தேன். குதிரைதானே, சவாரியும் இல்லை, சும்மாதானே நிற்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு பிடி. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒருநாள் அவள் அதன் முதுகில் சாக்கைப் போர்த்தப் போனவள், விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "ஏங்க, நாம குறைச்சுக்கிறோம்னா நமக்குத் தெரிஞ்சு குறைச்சுக்கிறோம். இது ஆஃப் சீசன்னு அதுக்கு யாருங்க சொன்னா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி அவளுடைய காதுத் தோடு கழன்றது, மறுநாள் கொள்ளு மூட்டை வந்தது. ராஜாவை விற்று, முழங்கால் தேய்ந்து, நான் காட்டேஜ் வாட்ச்மேனாக ஆன பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. உன்னிடமும் அதையேதான் கேட்கிறேன். நீ கவிதாவை உட்கார வைத்து, இன்ன நிலைமை, இத்தனை மாதம் இப்படி ஓட்டுவோம், உனக்கு எது வேண்டும் என்று கேட்டாயா? மில்லில் ஷிப்டைக் குறைத்ததையே அவளிடம் சொல்லவில்லையாமே. ஃப்ரிட்ஜ் ஏன் நின்றது, பால் ஏன் பாதியானது என்று அவளே யோசித்து யோசித்து, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

இன்னொரு பாதியையும் நீ மறந்துவிட்டாய். ஆஃப் சீசன் என்றால் அது ஒருநாள் முடியும். ஏரிக்கரையில் முதல் நாலைந்து சவாரி கிடைத்துவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது, உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வாள். மேல் பரணில் இருந்த சீனி டப்பா கீழே இறங்கிவிடும். அன்றைக்குப் பழைய குழம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாய்க்குத்தான். கறி எடுத்து, புதுசாக அரைத்து, புகை வீட்டைச் சுற்றிக்கொள்ளும். நீ கதவிடுக்கிலிருந்து, "அம்மா, சீசன் வந்துருச்சா?" என்று கத்துவாய். "வந்துருச்சுடா, தேத்தண்ணில சீனி கரைச்சே குடி" என்பாள். மறுநாள் கையில் எவ்வளவு இருக்கும் என்பதெல்லாம் அன்றைக்கு யாரும் பேசக்கூடாது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற மாதங்களை நம்மால் தாங்க முடிந்தது. திண்டுக்கல்லில் ஏதப்பா சீசன், ஏது ஆஃப் சீசன்? நீ இங்கிருந்து குளிர்காலத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அதற்கு முடிவு எது என்று உனக்கே தெரியவில்லை. முடிவு தெரியாமல் எந்தப் பெண்டாட்டியால் வயிற்றைக் கட்ட முடியும்?

உன்மேல் குற்றம் மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ மத்தியானம் சாப்பிடாமல் இருக்கிறாய், மில்லுக்கு நடந்தே போகிறாய், செருப்பை ரெண்டு தரம் தைத்துப் போட்டிருக்கிறாய் என்று கவிதாதான் சொன்னாள், சொல்லும்போது அழுதாள். "காசு இல்லைங்கிறது எனக்குப் பெருசில்ல மாமா. எங்க வீட்டுலயும் என்ன கொட்டியா கெடக்கு? அவரு ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாரு. பாப்பா பிஸ்கட்டுக் கேட்டா திட்டக்கூட மாட்டாரு. சும்மா பாப்பாரு. அந்தப் பார்வைக்குத் திட்டிட்டாக்கூடத் தேவலை மாமா" என்றாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். யாருக்காகப்பா மிச்சம் பிடிக்கிறேன் என்று நீ கேட்பாய், அதுவும் எனக்குத் தெரியும். உன்மேல் எனக்கு இரக்கம்தான். நீ என் பிள்ளை, வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்கிறாய் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

எனக்கும் அலுத்துவிட்டது, மகனே. இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. வாழ்நாளெல்லாம் மிச்சம் பிடித்தே களைத்துப்போனேன். எரிகிற லைட்டைப் பார்த்தால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது. ஒரு டீக்கடையில் வடையை எடுக்கும்போது, விலை கேட்டபிறகு எடுக்கலாமா எடுத்தபிறகு கேட்கலாமா என்று இந்த வயதிலும் மனசு கணக்குப் போடுகிறது. ஒரே ஒரு நாள், எதற்கும் விலை கேட்காமல் கடைத்தெருவைச் சுற்றி வரவேண்டும் என்று ஆசை இருக்கிறது. அப்படிச் சுற்றினால் என்ன வாங்குவேன் என்றும் தெரியவில்லை, அந்தப் பழக்கமே விட்டுப்போச்சு. இதில் பெருமை ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் செய்தோம். அதைப் போய் ஏதோ குலச்சொத்து மாதிரி உன் பிள்ளைக்கு எழுதி வைக்காதே.

ஆகவே சொல்கிறேன், கேட்டால் கேள். முதலில் அந்த ஃப்ரிட்ஜைப் போடு. ரெண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் புதுசாக ஆக்கிச் சாப்பிடுங்கள். அரிசி பருப்பை மொத்தமாக வாங்கு, சில்லறையாக வாங்குவதில்தான் காசு ஓடுகிறது. உருளைக்கிழங்கு, முள்ளங்கி, பூண்டெல்லாம் இந்தக் காய்கறி வண்டியிலேயே நான் வாராவாரம் போட்டுவிடுகிறேன். கேரட் கழுவுகிற இடத்தில் உடைந்ததைச் சும்மாவே தருகிறார்கள், அதுவும் வரும். மத்தியானம் நீ சாப்பிடு. பால் குறையக்கூடாது. கவிதாவிடம் உட்கார்ந்து பேசு, அவளுடைய ஒன்று எது என்று கேள். எனக்குத் தெரியும், அவள் உன் அம்மாவிடம் சொன்னாள். காலையில் ஒரு பால் காபி, அதை உட்கார்ந்து குடிக்க வேண்டுமாம், அவ்வளவுதான். ஆனால் என்னிடம் கேட்டுக்கொண்டு போய் அவளிடம் நீட்டாதே, அவள் வாயால் கேள். உன்னுடையதையும் அவளிடம் சொல். இந்த நிலைமை எப்போது முடியும் என்று தெரியாவிட்டால், நீங்களாகவே ஒரு நாளை முடிவு செய்துகொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள் சீசன் என்று வைத்துக்கொள். அன்றைக்கு யாரும் எதற்கும் கணக்குப் பேசக்கூடாது.

இவ்வளவும் நீ வந்தால்தான் நடக்கும். "அவரு வந்து கூப்புட்டா இந்த நிமிஷமே போறேன் மாமா. பார்சல் மாதிரி ஏத்தி விட்டா போகமாட்டேன்" என்று நேற்று ராத்திரி சொல்லிவிட்டாள். நான் என்ன செய்ய? கடிதம் கிடைத்ததும் கிளம்பினால் சனிக்கிழமை இங்கே இருப்பாய். அவள் அண்ணன் வரும்போது நீ வீட்டுக்குள் இருக்க வேண்டும். பஸ் காசை நான் தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது உன் கையிலிருந்துதான் போகவேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளித் தள்ளி இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். இன்று காலை உன் அம்மா தோசை வார்த்தாள். பாப்பா என் பக்கத்தில் குல்லாவோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு தோசை முடிந்தது. உன் அம்மா அடுத்ததை எடுத்து வரும்போதே தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "வயிறு ரொம்பிருச்சு அப்பத்தா" என்றாள். நாலு வயது. கண் மட்டும் தோசையிலேயே இருந்தது. உன் அம்மா அதை என் தட்டில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்தத் தோசையைப் பிய்த்து, சீனி தொட்டு ஊட்டினேன். சின்னக் குழந்தை, முழுதையும் தின்றாள். அப்புறம் இன்னொன்றும் தின்றாள். வாயைத் துடைத்துவிட்டபோது கதவுப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, என் மந்தக் காதில் வாயை வைத்து, "ரெண்டு தின்னேன்னு அப்பாட்டச் சொல்லிராதீங்க தாத்தா" என்றாள். சொல்ல மாட்டேன் கண்ணு என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

உன் அப்பா